கூப்பிட்ட சொல் நிற்கும்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வர மறந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு சொந்தக்காரரைக் கூப்பிட மறந்தால் தீர்ந்தது. மூன்று தலைமுறைக்கு அவர்கள் நம் படி ஏறமாட்டார்கள். தபாலில் பத்திரிகை அனுப்பினால் அது கூப்பிட்டதாகாது. வாட்ஸப்பில் அனுப்பினால் அதைவிட மோசம். வீட்டுக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், கொடுத்த சாயாவைக் குடிக்க வேண்டும், வாயால் கூப்பிட வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்துச் சொல் விளிப்பது. புதுக்கடையில் இந்த மாதம் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "தங்கச்சிக்குக் கல்யாணம் விளிச்சாச்சா?"

நான் சிவபிரசாத். புதுக்கடை ஜங்ஷனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அது சும்மா வந்ததில்லை, நானே உழைத்து வாங்கியது.

பதிமூன்று வருடம் முன்பு நானும் ஜெயசிங்கும் சேர்ந்து 'விளி' என்று ஒரு ஆப் செய்தோம். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிட்டாயிற்று, எத்தனை பேர் வருவார்கள், அதில் எத்தனை பேர் பந்தியில் உட்காருவார்கள் என்று குறித்துக்கொள்கிற ஆப். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் போகாது. வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனையிலும் முழுப் பட்டியல் இருக்கும். நெட் கிடைக்காத மலையடிவாரத்தில் நின்றும் குறித்துக்கொள்ளலாம். சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி, போன்கள் ஒரே வைஃபைக்குள் வந்ததும் தங்களுக்குள் பேசி ஒன்றின் விவரத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு ரகசிய வாக்கியம் உண்டு. அந்த வாக்கியத்தைப் போட்ட போன்தான் அந்த வீட்டுப் போன். எங்கள் வீட்டு வாக்கியத்தை, கிணற்றடிப் பலா மரத்தைப் பார்த்து, அப்பா வைத்தார்: 'கிணத்தடிப் பிலாவு ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் காய்க்கும்.'

உரக்கடைக்கு மேலே ஒரு அறை. வேப்பம்பிண்ணாக்கு வாடை. அந்த வருடம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். யு.பி.எஸ். கத்தத் தொடங்கினால் நானும் ஜெயசிங்கும் எழுதினதைச் சேமித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் சண்டை போடுவோம். எதற்கென்று இல்லை, பட்டன் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட. அவனுக்கு வீடு திற்பரப்பு. தினமும் போய் வர முடியாது என்பதால் புதுக்கடையில் தங்கியிருந்தான். மத்தியானச் சாப்பாடு மூன்று வருடமும் எங்கள் வீட்டில்தான். என் தங்கை பிரிஜாவுக்குச் சைக்கிள் பழக்கித் தந்தது அவன். அவள் விழுந்து முட்டி பெயர்த்தபோது அழுததும் அவன்தான், அவளில்லை. இப்போது நினைத்தால், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பிண்ணாக்கு வாடைக்குள்தான்.

அப்பா, நாராயணபெருமாள், பலசரக்குக் கடைக்காரர். எங்கள் குடும்பத்து விளிப் பட்டியல் அவரிடம் மூன்று நீள நோட்டாக இருந்தது. என் கல்யாணம் நிச்சயமானபோது சாயங்காலம் சாயங்காலம் அவர் அந்த அறைக்கு வந்து உட்கார்ந்து வாசிப்பார். ஜெயசிங் தட்டுவான். வெறும் பெயரை வாசிக்க அப்பாவுக்குத் தெரியாது.

"மேலவிளை தங்கசாமி. பகல் ரெண்டு மணிக்குப் போவப்பிடாது, ஒறங்குவாரு. எழுப்பினா கல்யாணத்துக்கு வரமாட்டாரு. எழுது மக்கா."

"எழுதியாச்சு மாமா."

"கோணத்து வீட்டு ராசம்மை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, தெரியும்னு சொல்லுவா. அதனால பேச்சோட பேச்சா தேதிய ரெண்டு தடவ சொல்லிட்டு வரணும். வாசிச்சுக் காட்டப்பிடாது, சங்கடப்படுவா."

இப்படி நானூற்றுச் சொச்சம் வீடு. வேலை முடிந்ததும் மழை ஒழுக்கில் நனைந்து பாழாகிப்போயிருந்த அந்த நோட்டுகளை அப்பா கடையில் பொட்டலம் கட்டவே கிழித்துவிட்டார். "இனி எல்லாம் போன்ல உண்டுல்லா" என்றார்.

2015இல் பெங்களூரில் ஒரு கம்பெனி எங்கள் ஆப்பைக் கேட்டது. பட்டியல் எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எனக்கு நிலைகொள்ளவில்லை. ஜெயசிங் ஒத்துக்கொள்ளவில்லை.

"லேய், ஆளுகளுக்க பட்டியல் ஆளுகளுக்க போன்லயே கெடக்கட்டும். அவன்கிட்ட கொண்டு போய் வச்சுட்டு, நாளைக்கு அவன் கடையப் பூட்டினா நம்ம எங்க போய் முட்டுகது?"

அவன் இதைச் சொன்னபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவும் பிரிஜாவும் என் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் சொன்ன பதிலை இத்தனை வருடமும் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்க வீட்டுச் சோத்த மூணு வருசமாத் தின்னவன், எனக்குப் புத்தி சொல்ல வாறியா?"

கையில் பிசைந்திருந்த சோற்றை அவன் இலையில் வைத்தான். எழுந்து கை கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். திரும்பினால் அப்பா உள்ளறை வாசலில் நிற்கிறார். அன்று மத்தியானம் அவரும் சாப்பிடவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டுப் போன்களில் பழைய ஆப்பை எடுத்துவிட்டுக் கம்பெனியின் புது ஆப்பைப் போட்டேன். அப்பா மட்டும் தன் போனில் கை வைக்க விடவில்லை. "எனக்குப் பழையது போதும்" என்றார். 2016இல் அப்பா இறந்தார். ஜெயசிங் வந்திருந்தான். ரோட்டிலேயே நின்றான். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அப்பாவின் போனில் பேட்டரி வீங்கியிருந்தது, கடைக்கு வந்த பழைய போன்களோடு அதையும் தள்ளிவிட்டேன். அடுத்த வருடம் கம்பெனி பூட்டிவிட்டது. 'வருந்துகிறோம்' என்று ஒரு மெயில் வந்தது. நானூற்றுச் சொச்சம் வீடும், தங்கசாமியின் பகல் தூக்கமும், ராசம்மையின் சங்கடமும் அந்த ஒரு மெயிலோடு போயின. ஜெயசிங் சொன்னது அப்படியே பலித்தது. அதனாலேயே அவன் மேல் கோபம் இன்னும் கூடியது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்றால், இருப்பான், புதுக்கடை ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறான்.

இந்த ஆவணியில் பிரிஜாவுக்குக் கல்யாணம். எந்தக் கம்பெனியையும் நம்ப எனக்குத் தைரியமில்லை. பழைய 'விளி'யையே தூசி தட்டி எடுத்து, அதே பிலாவு வாக்கியத்தைப் போட்டு, அம்மாவும் நானும் ஞாபகத்திலிருந்து பட்டியலைப் புதிதாக எழுதினோம். என் மனைவி அவள் பக்கத்துச் சொந்தங்களை விளிக்கத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். இருநூற்றுப் பத்து வீடுதான் தேறியது. ஒவ்வொரு பெயர் விட்டுப்போகும்போதும் அம்மா, "அப்பாவுக்கு ஓர்மை இருந்திருக்கும்" என்பாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இருநூற்றுப் பதினொன்றாவது பெயரை பிரிஜா போட்டாள். ஜெயசிங், திற்பரப்பு.

"ஏட்டி, இத எடு."

"எடுக்க மாட்டேன். அந்த அண்ணன் வரலேன்னா எனக்கு அது கல்யாண வீடே இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் எடையில என்னன்னு எங்கிட்டச் சொன்னியா? பத்து வருசமாக் கேக்கேன்."

"சொல்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப எடுக்கவும் ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை அம்மா பத்திரிகைக் கட்டோடு, மட்டி வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த பையோடு கிளம்பினாள். பெரியம்மா மகன் சுதன் கார் ஓட்டினான். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. குளச்சல் பக்கம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து என் போனிலிருந்து அந்தப் பெயரை அழித்தேன். சாயங்காலம் போன்கள் பேசிக்கொள்ளும்போது அம்மா போனிலிருந்தும் பிரிஜா போனிலிருந்தும் அது தானே போய்விடும். பிரிஜா கேட்டால் ஆப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். செய்தவனே கோளாறு என்றால் யார் மறுக்க முடியும்?

ஆறரை மணிக்குக் கார் வந்தது. அம்மா படியேறும்போதே என் போன் மேசையில் அதிரத் தொடங்கியது. பட்டியலைத் திறந்தேன். நான் அழித்த பெயர் இருந்தது, பச்சைக் குறியோடு.

ஜெயசிங், திற்பரப்பு. கூப்பிட்டாச்சு. வருவது நான்கு பேர். பந்தியில் மூன்று பேர்.

முதலில் கண்ணில் பட்டது பச்சைக் குறி. உடனே அழித்தேன். பெயர் போயிற்று, அடுத்த நொடி வந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. நாலாவது தடவை லேப்டாப்பை எடுத்து, பத்து வருடமாகத் திறக்காத ஆப்பின் புரோகிராமைத் திறந்தேன். பெயர்களைச் சேர்க்கிற இடத்தை எழுதியது ஜெயசிங். அங்கே இங்கிலீஷுக்கு நடுவில் தமிழில் ஒரு குறிப்பு கிடந்தது.

'அழிக்கிறவனுக்கு ஒரு விரல் போதும். கூப்பிடுகிறவன் வீடுவரை நடந்து போக வேண்டும். ஒருவர் நேரில் போய்க் கூப்பிட்ட பெயரை வீட்டில் இருந்துகொண்டு யாரும் அழிக்கக் கூடாது. நம் ஊரில் கூப்பிட்ட சொல் நிற்கும். சிவன் இதற்கு மூன்று நாள் சண்டை போட்டான். தோற்றான்.'

தோற்றது ஞாபகம் வந்தது. ஒரு பெயரை ஒருவன் அழித்து, அதே நேரத்தில் இன்னொருவன் அதைக் கூப்பிட்டும்விட்டால் யார் சொல்வது செல்லும் என்று மொட்டை மாடியில் மூன்று நாள் கத்தியிருந்தோம். கடைசியில் செய்தது எதுவோ அதுதான் என்று நான் சொன்னேன். கல்யாண வீடு தெரியாதவன் பேச்சு என்று அவன் சொன்னான். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பச்சைக் குறிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு எண்களைச் சரியாகப் பார்த்தேன்.

நான்கு பேர் வருவார்கள். மூன்று பேர் சாப்பிடுவார்கள்.

"அம்மா, இது என்ன? நாலு பேர் வந்து மூணு பேரு சாப்பிடுகது?"

அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அதயா கேக்க? அவனுக்க பெண்டாட்டி ஜெனிலாவும் பிள்ளைகளும் சாப்பிடுவாங்க. அவன் முந்தின நாளே வந்து எல்லா வேலையும் செய்வானாம், சோறு மட்டும் வேண்டாமாம். வயிறு செரியில்லன்னான். கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு, அதுக்குள்ள செரியாவாதான்னு கேட்டேன். சிரிச்சான். நல்ல பையன் மக்கா. நீங்க என்னத்துக்குப் பிணங்கினியளோ."

கல்யாணத்துக்கே வராமல் இருந்திருந்தால் நான் திட்டிக்கொண்டாவது கிடந்திருப்பேன். அவன் வருவான், பந்தல் கட்டுவான், பரிமாறுவான், எங்கள் வீட்டுச் சோற்றை மட்டும் தொடமாட்டான். அம்மாவுக்கும் பிரிஜாவுக்கும் காரணம் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான், அவன் சாப்பிடாமல் நிற்பதை நாள் முழுக்க நான் பார்க்க வேண்டும்.

போன் அதிர்வது இன்னும் நிற்கவில்லை. அந்த ஒரு பெயருக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று பார்த்தேன். பட்டியல் இருநூற்றுப் பதினொன்றில் இல்லை, இருநூற்று அறுபதில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னூறு ஆயிற்று. பெயர்களுக்குக் கீழே குறிப்புகள் வந்து உட்கார்ந்தன. மேலவிளை தங்கசாமி, பகல் ரெண்டு மணிக்குப் போவப்பிடாது.

"அம்மா, அவன் வீட்டுல உனக்க போன என்ன செய்தான்?"

"அவன் ஒண்ணும் செய்யல. அங்க சிக்னல் இல்ல. பிரிஜாகிட்டப் பேசணும்னு சொன்னேன், அவனுக்க மவன் வைஃபை போட்டுத் தந்தான். செவத்துல ஒரு பழைய டேப்லெட் தொங்குது, அது கெடந்து மின்னிச்சு. அத என்னத்துக்குடே வச்சிருக்கேன்னு கேட்டேன். சும்மா கெடக்கட்டும் அம்மான்னான்."

என் கல்யாணத்துக்கு வேலை செய்தபோது அவன் டேப்லெட்டிலும் எங்கள் வீட்டு வாக்கியத்தைப் போட்டிருந்தோம். அவன் அழிக்கவில்லை. பத்து வருடமாக எங்கள் வீட்டுப் பட்டியலை அவன் தன் வீட்டுச் சுவரில் வைத்திருந்தான். அது இன்று அம்மாவின் கைப்பைக்குள் ஏறி வீடு திரும்பியிருக்கிறது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கோணத்து வீட்டு ராசம்மையைப் பற்றி வாசித்ததும், "அப்பாவுக்க பேச்சுல்லா இது" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிரிஜா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு சின்னப் போனில் தலையை முட்டிக்கொண்டு வாசித்தோம். நானூற்றுப் பன்னிரண்டு வீடு.

பிறகு ஜெயசிங்கின் பெயரைத் தொட்டேன். அதற்குக் கீழும் ஒரு குறிப்பு வந்திருந்தது.

'இவனை விளிக்க வேண்டாம். வீட்டு ஆள். முந்தின நாளே வந்து நிற்பான்.'

ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் எந்தப் போனிலிருந்து, எந்தத் தேதியில் எழுதியது என்று காட்டும். மற்றதெல்லாம் ஜெயசிங் தட்டியவை. இது மட்டும் 'நாராயணபெருமாள் போன், 2015 ஜூலை 19'. நான் அந்த வார்த்தையைச் சொல்லிப் பத்து நாள் கழித்து.

அம்மாவும் பிரிஜாவும் அதை வாசித்துவிட்டு நல்லது என்று தலையாட்டினார்கள். இந்த ஆப்பைச் செய்தவனுக்குத்தான் மீதி புரியும். அப்பாவின் போனில் எழுதியது நெட் வழியாக எங்கும் போகாது. ஒரே வீட்டு வைஃபைக்குள் இரண்டு போனும் இருந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். அந்தக் குறிப்பு ஜெயசிங்கின் டேப்லெட்டில் இருக்கிறது என்றால், அப்பா தன் போனோடு திற்பரப்பில் அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். மூச்சிரைப்போடு கடையிலிருந்து வீட்டுக்கு வரவே வழியில் இரண்டு இடத்தில் நிற்கிற மனிதர். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கவில்லை. பைக் இருந்தது, எடுக்கவில்லை. அப்பா போயிருந்தால் பஸ்ஸில்தான் போயிருப்பார். மார்த்தாண்டத்தில் இறங்கி மாறி, குலசேகரத்தில் இறங்கி மாறி, அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன். அவன் வீடு மெயின் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஏற்றம். எனக்கே மூச்சு வாங்கியது. அப்பா எத்தனை இடத்தில் நின்றாரோ என்று எண்ணிக்கொண்டே ஏறினேன்.

ஜெயசிங் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கையில் இருந்த ஷீட்டைப் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வழி முழுக்க மன்னிப்பு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன்.

"சோறு உண்டுமாலே?" என்றேன். "எனக்கும் கொஞ்சம் போடு."

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கோபமா என்று பார்த்தேன். இல்லை. உள்ளே திரும்பி, "ஜெனிலா, ஒரு இலை போடு" என்றான்.

சோறும் சாளைக் கறியும். நான் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடும்வரை அவன் தூணில் சாய்ந்து நின்றான்.

"நான் அண்ணைக்குச் சொன்னது..."

"தின்னுலே மொதல்ல."

"அப்பா இங்க வந்தாரா?"

"வந்தாரு. நீ இருக்க எடத்துலதான் இருந்தாரு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நானும் என்னமோ மன்னிப்பு கேக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். அவரு அதப் பத்திப் பேசவே இல்ல. 'எனக்கும் கொஞ்சம் சோறு போடு மக்கா'ன்னாரு. ரெண்டு தடவ வாங்கித் தின்னாரு. தின்னு முடிச்சுட்டு, போன எடுத்து ஒத்த வெரலால அரமணிக்கூர் என்னமோ தட்டினாரு. காட்டுங்க மாமா, நான் எழுதித் தாறேன்னேன். 'இத நான்தான் எழுதணும்'னு சொல்லிட்டாரு."

அழுதேன். சாப்பிட்டுக்கொண்டே அழுவது அசிங்கமான வேலை, மூக்கும் ஒழுகும், புரையும் ஏறும். ஜெனிலா தண்ணீர்ச் செம்பைக் கொண்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜெயசிங் சுவரிலிருந்து டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "வீட்டு ஆளுன்னா எனக்க பேரு எதுக்கு விருந்தாளி பட்டியல்ல கெடக்கு?" என்று விரலை வைத்து அழித்தான். பெயர் போயிற்று. வந்தது.

"போவாதுலே," என்றேன். "நேத்து நாலு தடவ பாத்தாச்சு. எழுதினவன் கெட்டிக்காரன்."

அவன் என்னை முறைத்தான். பிறகு சிரித்தான், அந்த மொட்டை மாடிச் சிரிப்பு. பந்தியில் மூன்று என்று இருந்ததைத் தொட்டு நான்கு ஆக்கினான். வந்ததும் அவன் மகன் வைஃபை போட்டுத் தந்திருந்த என் போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. ஜெனிலா அவனுக்கும் ஒரு இலை கொண்டு வந்து போட்டாள்.

"முந்தின நாளே வந்திரணும் கேட்டியா," என்றேன்.

"அத உனக்க அப்பா எப்பவோ சொல்லியாச்சு," என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.